மார்க்கண்டரின் கார் என்ன சொன்னது?

"மார்க்கண்டர் ஐயா நாளைக் கல்யாணத்துக்கு வேறை றைவரைப் பிடிக்கப் போறாராம், அக்கா. என்ரை வேலை போச்சுது," என்றபடி கார்ச் சாரதி அடைக்கலநாதன் ஆரணிக்கு முன்னாலிருந்த கதிரையில் அமர்ந்தான்.

விபத்துக்குள்ளான வாகனங்களை ஆராய்ந்து அறிக்கை எழுதுவது ஆரணியின் தொழில். அதைத் தட்டச்சு செய்யச் சேர்ந்தவர் செல்வநாயகம், தபால் கந்தோரில் ஓய்வு பெற்றவர். துப்பறியும் வேலையை அவர் யாரும் கேட்காமலே தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டார். இப்போதும் குறிப்புக் கொப்பியைத் திறந்துவிட்டார்.

அடைக்கலநாதன் ஓட்டியது, சுன்னாகத்து மார்க்கண்டர் கல்யாண வாடகைக்கென்று ஜப்பானிலிருந்து இறக்குவித்த சொகுசுக் கார். குறுக்கே ஆடு வந்தாலும் தானாகவே பிறேக் பிடிக்கும். நேற்றுக் காலை ஒன்பது மணிக்குச் சந்தையடியில், முன்னால் வெங்காயம் ஏற்றிப் போன உழவியந்திரம் ஒன்று சட்டென்று நின்றது. கார் தானாக நிற்கவில்லை. இடப்பக்க லாம்பு நொறுங்கியது.

"அந்தத் தானாப் பிடிக்கிற பிறேக்கை நான் நிப்பாட்டிப்போட்டன் எண்டு ஐயா சொல்லுறார். மாதா மேலை சத்தியமாய் இல்லை. நான் கொஞ்சம் பிந்தித்தான் மிதிச்சனான், அது உண்மை. ஏழு மணிக்கு முழுக்கத் துடைச்சு வைச்சிட்டுச் சாப்பிடப் போனனான். அவசரத்திலை வந்து ஏறி வெளிக்கிட்டாப் பிறகு, கார் புதுசாய் ஏதோ ரெண்டு தரம் ஜப்பான் பாசையிலை கதைச்சுது. வழக்கமான வணக்கமாக்கும் எண்டு விட்டிட்டன்."

"மோதின பிறகு?" என்று ஆரணி கேட்டாள்.

"வாகனம் திருத்திற கராச்சிலை லாம்பை மாத்திக் கழுவியும் தந்தவங்கள்."

மூவரும் சுன்னாகத்துக்குப் போனார்கள். செல்வநாயகம் காருக்கடியில் தவழ்ந்து, நசுங்கிய வெங்காயம் ஒன்றைச் சாட்சியாகக் காகிதத்தில் பொதிந்தார். ஆரணி முன்புறக் கம்பனிச் சின்னத்தின் இடுக்கை நகத்தால் சுரண்டி, நகத்தைப் பார்த்தாள். அதில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது.

"நான் காருக்குக் கிட்டவும் போறேல்லை, பிள்ளை," என்றார் மார்க்கண்டர். "பொட்டு வைச்ச வாகனம் சும்மா மோதுமே? உவன்தான் எதையோ அமத்திப்போட்டான்."

"வீட்டிலை சந்தனம் இருக்கே, ஐயா?"

செல்வநாயகத்துக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் எழுதிக்கொண்டார். ஆரணி சந்தனத்தைக் குழைத்துச் சின்னத்தின் மேல் தடிப்பாக அப்பினாள். அடைக்கலநாதனைக் காரை ஒழுங்கை முனைவரை ஓட்டச் சொல்லிக் கூடவே ஏறினாள். பாதி வழியில் கார் வாய் திறந்தது.

"உதுதான் அக்கா, நேற்றும் சொன்னது," என்றான் அடைக்கலநாதன்.

அவளுடைய கைப்பேசி அதை மொழிபெயர்த்தது. திரும்பி வந்ததும் மார்க்கண்டரிடம் வாசித்துக் காட்டினாள். "'முன்னால் எதுவும் தெரியவில்லை. துடைத்துவிடவும்.' பிறேக் பிடிக்க வழி பாக்கிற காரின்ரை கண் இந்தச் சின்னத்துக்குப் பின்னாலைதான் இருக்குது, ஐயா. பிறேக்கை ஒருத்தரும் நிப்பாட்டேல்லை, கண்ணை மூடினதுதான் பிழை. ஏழு மணிக்குத் துடைச்ச காரிலை பொட்டு எப்ப வந்தது? கிட்டவும் போகாத உங்களுக்கு அது எப்படித் தெரியும்?"

மார்க்கண்டரின் முகம் சிறுத்துவிட்டது.

"பிள்ளையாருக்குப் படைச்ச சந்தனம், பிள்ளை. அவன் சாப்பிடப் போன நேரம் கொஞ்சம் அப்பிவிட்டனான். சாமி காரியத்தைப் போய்க் காரைத் தொட்டதெண்டு சொல்லுறதே?"

பொய் சொல்கிற முகமல்ல அது. செல்வநாயகத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பிந்தி மிதிச்சதையும் எழுதுவன்," என்று ஆரணி அடைக்கலநாதனைப் பார்த்தாள். "கார் நிக்கும் எண்டு நம்பி நீர் காலை ஆறவிடக் கூடாது."

அவன் தலையாட்டினான். மார்க்கண்டர் சால்வை நுனியால் சின்னத்தைத் தானே துடைத்துவிட்டு, அவனிடம் கார்த் திறப்பை நீட்டினார்.

"தம்பி, குறை நினையாதை. நாளைக்கு மாப்பிள்ளையை நீதான் ஏத்திக்கொண்டு போறாய். ஆனால் பொட்டில்லாமல் எப்படியடா அனுப்புறது?"

"எனக்கு வைச்சுவிடுங்கோ, ஐயா," என்றான் அடைக்கலநாதன். "என்ரை கண் நெத்திக்குக் கீழைதான் இருக்குது."