எல்ஸ்பெத்தின் ஈரக் காலடிகள்

தொப்பியைக் கழற்றக்கூட மறந்து ஹெஸ்டர் லூமிஸின் சமையலறையில் நின்றார் லைல் ஹாக்கெட். வாரிங் ஓடை வரலாற்றுப் பூங்காவுக்கும் அதனுள்ளிருக்கும் அருங்காட்சியகத்துக்கும் அவர்தான் இயக்குநர். அவரைக் காரில் அழைத்து வந்த பூங்காக் காவலர் மாரிசெலா, வாசலிலேயே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"நாலு நாளா நடக்குது ஹெஸ்டர்! காலையில கதவைத் திறந்தா ஹால் பூரா சின்னக் குழந்தையோட காலடி. வெறுங்கால். ஈரம்கூடக் காயல!"

"கொஞ்சம் சும்மா இரு," என்று எரிந்து விழுந்தார் ஹாக்கெட். "நாளன்னைக்கு நாப்பது பள்ளிக்கூடப் பசங்க வராங்க. மலையைக் குடைஞ்சு ஒயின் பீப்பாய் வெச்சிருந்த பழைய குகையைக் காட்டப் போறோம். பேய்க் கதை பரவி ஏற்கெனவே ரெண்டு பள்ளிக்கூடம் வரலைன்னுட்டாங்க. யார் வேலைன்னு சொல்லுங்க, அன்னிக்கே அவனை வீட்டுக்கு அனுப்பறேன்."

மாவட்டக் காவல் துறையில் முப்பது ஆண்டுகள் துப்பறிந்து ஓய்வு பெற்றவர் ஹெஸ்டர். அடுப்பை அணைத்துவிட்டு மேலங்கியை எடுத்துக்கொண்டார்.

பள்ளத்தாக்கு முழுவதும் மூடுபனி. மழை ஓய்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. இலையுதிர்ந்த திராட்சைக் கொடிகளுக்கு நடுவே கடுகுப் பூ மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. மலையை ஒட்டிக் கட்டிய, இப்போது அருங்காட்சியகமாகிவிட்ட வாரிங் மாளிகை, கிட்டே போகும்வரை கண்ணில் படவில்லை.

உள்ளே, கரிய மரத் தரையில், அந்தக் காலடிகள் இருந்தன. மாரிசெலாவின் உள்ளங்கையைவிடச் சற்றே பெரியவை. ஒவ்வொன்றிலும் ஈரம் மின்னியது. பின்பக்கத்துக் குகைக் கதவருகே தொடங்கி, ஹாலின் நடுவாக வந்து, வாசலில் முடிந்தன. பட்டப்பகல்தான், ஆனாலும் மாரிசெலாவுக்குப் பிடரி சில்லிட்டது.

"எல்ஸ்பெத் வாரிங்," என்றாள் வினிஃப்ரெட் ஸ்டாப் தணிந்த குரலில். பார்வையாளர்களுக்குச் சுற்றிக் காட்டுபவள் அவள். ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. "இந்த வீட்டுக் குழந்தை, ஏழு வயசு. 1889-ல ஓடையில முழுகிப் போச்சு."

ஹெஸ்டர் முழங்காலிட்டுக் குனிந்தார். "இடது கால்ல அஞ்சு விரல். வலது கால்ல நாலுதான். சுண்டுவிரலைக் காணோம்."

"மீன் கடிச்சிருக்குமோ..." என்ற மாரிசெலாவுக்குத் தன் குரலே பிடிக்கவில்லை.

காய்ந்துபோயிருந்த ஒரு காலடியை ஹெஸ்டர் விரலால் தடவினார். சாம்பல் வெள்ளையாக மெல்லிய தூள் ஒட்டியது. மோந்து பார்த்துவிட்டுக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். துடைப்பத்தோடு மூலையில் நின்ற பராமரிப்பாளர் அன்செல்மோ கிரோகா பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

சுவரோரக் கண்ணாடிப் பேழையில் பளிங்கால் செய்த இரண்டு சிறு பாதங்கள் இருந்தன. அடக்கம் செய்வதற்கு முன் குழந்தையின் காலில் அச்செடுத்து, தாய் செய்துவைத்தவை. வலது பாதத்தின் சுண்டுவிரல் மொட்டையாக இருந்தது.

"இது எப்ப உடைஞ்சது?"

"போன நிலநடுக்கத்துல," என்றாள் வினிஃப்ரெட்.

"இந்தப் பேழைக்கு யார் யார்கிட்ட சாவி இருக்கு?"

"மிஸ்டர் ஹாக்கெட், நான், அன்செல்மோ, மூணு பேர்கிட்டயும்."

"குளிர்காலத்துல குகைக்குள்ள யார் போவாங்க?"

"யாரும் போறதில்ல," என்றார் ஹாக்கெட். "நவம்பர்லயே பூட்டியாச்சு. அன்செல்மோ மட்டும் போய்ப் பெருக்கிட்டு வருவான்."

ஹெஸ்டர் எல்லாரையும் ஹாலில் இருந்த நீள பெஞ்சில் உட்காரச் சொன்னார். தான் மட்டும் நின்றார்.

"எல்ஸ்பெத் சாகறப்ப பத்து விரலும் இருந்தது. அதனாலதான் பளிங்குலயும் பத்து விரல் செஞ்சாங்க. உடைஞ்சது கல்லு, குழந்தையோட கால் இல்ல. அப்ப நடந்தது பேயில்ல. பளிங்குப் பாதத்தைத் தண்ணில முக்கி யாரோ தரையில ஒத்தியிருக்காங்க."

"பாத்தீங்களா! நான் சொல்லல?" என்று எழுந்தார் ஹாக்கெட்.

"உக்காருங்க. நாப்பது அடி தூரம் மண்டி போட்டு நகரணும். வினிஃப்ரெட்டால முடியாது. ஆள் வரக் கூடாதுன்னு நீங்க பண்ண மாட்டீங்க. ஆனா யாருங்கறதைவிட ஏன்ங்கறதுதான் முக்கியம். மாரிசெலா, ஓடையில முழுகின பொண்ணு எந்தப் பக்கமிருந்து வரணும்?"

"ஓடைப் பக்கமிருந்து... வாசல் வழியா உள்ள வரணும்!" மாரிசெலா துள்ளி எழுந்தாள். "ஆனா இவ குகையிலேர்ந்து வெளிய போறா!"

"ஓடிப் போறா. எல்லாரையும் கூட்டிட்டுப் போகப் பாக்கறா. இன்னொண்ணு. ஓடைத் தண்ணி காஞ்சா செம்மண் படியும். இங்க படிஞ்சிருக்கறது குகைப் பாறையோட தூள். மூடிக் கிடக்கற குகைக்குள்ள இவ்வளவு தண்ணி எப்படி வந்தது? அன்செல்மோ, நீங்களே சொல்லுங்க."

அன்செல்மோ துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"மழைக்கப்புறம் கூரை ஒழுகுது மேடம். வாளி வெச்சேன். ஒரு நாளைக்கு ஒரு வாளி நிறையுது. மிஸ்டர் ஹாக்கெட்கிட்ட மூணு தடவை சொன்னேன். நாலாவது தடவை சொல்ல வந்தப்ப, 'உன் வேலை கூட்டறது'ன்னாரு. சரி, என் பேச்சைத்தான் யாரும் கேக்கல, செத்த புள்ள சொன்னாலாவது கேப்பாங்கன்னு..." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் புள்ளகிட்ட தெனமும் மன்னிப்புக் கேட்டுட்டுதான் கல்லைத் தொட்டேன்."

"கொஞ்சம் ஒழுகினா குகையே விழுந்துடுமா?" என்றார் ஹாக்கெட். "பயந்தாங்கொள்ளி! வா, நானே பாக்கறேன்."

கதவு திறந்ததும் குளிர்ந்த காற்று முகத்தில் அறைந்தது. இருட்டுக்குள் எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. யாரோ வெறுங்காலோடு நிதானமாக நடந்து வருவது போலவே கேட்டது. விஷயம் தெரிந்த பிறகும் மாரிசெலா ஹெஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹாக்கெட் விளக்கை உயர்த்தினார். கூரையில் ஒரு விரிசல், கை நுழையும் அகலத்துக்கு, இருபது அடி நீளம் ஓடியிருந்தது. அவர் அதன் அடியில் போய் நின்றார்.

சொட்டும் சத்தம் சட்டென்று நின்றது.

"வெளிய வாங்க!" அன்செல்மோ பாய்ந்து இயக்குநரின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். இருவரும் கதவருகே வந்து விழுந்தபோது பின்னால் மலை உறுமியது. விளக்கு அணைந்தது. குகைக் கதவு வழியாகச் சாம்பல் நிறப் புழுதி ஹாலுக்குள் பெருகி வந்து தரையை மூடியது. வெகு நேரம் ஒருவரையொருவர் பார்க்க முடியவில்லை. இருமல் மட்டும் கேட்டது.

புழுதி அடங்கியதும் வினிஃப்ரெட் எல்லாரையும் எண்ணினாள். ஐந்து பேரும் இருந்தார்கள்.

ஹாக்கெட் தரையிலேயே உட்கார்ந்து, கிழிந்த காலரோடு பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் செய்தார். வரவேண்டாம் என்று சொன்னதும் மறுமுனையில் ஆசிரியை சிரித்தாள். "ஏன், உங்க பேய் இன்னும் போகலயா?"

ஹாக்கெட் அன்செல்மோவைப் பார்த்தார். அவர் அடிபட்ட முழங்கையைப் பிடித்துக்கொண்டு கண்களை மூடி உட்கார்ந்திருந்தார்.

"பேயெல்லாம் இல்லைங்க," என்றார் ஹாக்கெட். "எங்க ஆள் ஒருத்தர் மூணு தடவை எச்சரிச்சாரு. நான்தான் கேக்கல."