வெயில் பக்கத்து இருக்கை

"கொஞ்சம் தள்ளுங்க. அது நான் உக்கார்ற எடம்."

விழுப்புரம் பேருந்து நிலையம், காலை ஏழு மணி வண்டி. எல்லோரும் நிழல் பக்கத்துக்கு முட்டிக்கொள்ள, வேணி மட்டும் வழக்கம்போல வெயில் பக்கம் போனாள். அங்கே ஏற்கெனவே ஒருவன்... முகத்தை வெயிலுக்குக் கொடுத்தபடி.

திரும்பினான். வெளிச்சம் பட்டால் மட்டும் தேன் நிறமாகும் அந்தக் கண்கள்...

ஸ்ரேயான்ஸ்!

இரண்டு வருடம் ஆகிவிட்டது. சென்னையில் இரவு வேலை பார்த்துத் தூக்கத்தைத் தொலைத்துவிட்டு அவள் ஊர் திரும்பியிருந்த நேரம். பரம்பரையில் முதல் பட்டதாரி. "படிச்சுப் படிச்சு மூளை சூடாயிடுச்சு" என்றது தெரு. திண்டிவனம் டாக்டர் அமலா மட்டும் மாத்திரை எழுதாமல், மேசைமேல் காலை வெயில்போல வெளிச்சம் தரும் ஒரு விளக்குப் பெட்டியைக் காட்டினார். தினமும் காலையில் அரை மணி நேரம் அதன் முன் உட்கார வேண்டும். எத்தனை மணிக்குத் தூக்கம் வந்தது என்று நோட்டில் எழுத வேண்டும். ஒரே பெட்டி, இரண்டே நாற்காலி. இன்னொன்றில், அப்பா இறந்ததிலிருந்து தூக்கமில்லாத செஞ்சிப் பக்கத்து மல்லாட்டைக் கடலை வியாபாரி, ஸ்ரேயான்ஸ்.

"கண்ணத் தொறந்தே வைங்க. ஆனா விளக்க நேரா பாக்காதீங்க, பக்கமா பாருங்க" என்றார் டாக்டர்.

பக்கத்தில் அவன்தான் இருந்தான். வேறு எங்கே பார்ப்பதாம்?

"ஏங்க இப்படி மொறைக்கிறீங்க?"

"வைத்தியம் பண்ணிக்கினு இருக்கேன். பேசாதீங்க."

மூன்றாவது வாரம். "பொழுதோட சாப்ட்டு எட்டு மணிக்கே தூங்கிட்டேன்" என்று சிரித்தவனின் நோட்டில், 'மூன்று மணி வரை தூக்கமில்லை' என்றிருந்தது.

வேணி வெடித்தாள். "வெளிய ஒரு அம்மா எடமில்லாம தெனம் திரும்பிப் போறாங்க. நல்லானப்புறமும் நாற்காலியப் புடிச்சுக்கினு இருக்கீங்களே... உங்களுக்கெல்லாம் நோவும் வெளையாட்டா?"

அவன் நோட்டை இழுத்தான். பொய்யை அடித்து, உண்மையை எழுதிவிட்டுப் போனான். மறுநாள் அந்த நாற்காலியில் அந்த அம்மா. விளக்கு அதே விளக்குதான்... அறைதான் இருட்டாக இருந்தது.

இப்போது அவன் ஜன்னலை விட்டுத் தள்ளி உட்கார்ந்தான். கையில் கூட்டேரிப்பட்டு டிக்கெட். அவளோ திண்டிவனம் தாலுகா ஆபீசுக்கு. விக்கிரவாண்டி தாண்டிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம்தான்... மன்னிப்புக் கேட்டு அவளுக்குப் பழக்கமே இல்லை.

"தூக்கம் வருதா?" என்றான்.

"வருது."

"கோவம்?"

"அதுவும்தான்."

"கூட்டேரிப்பட்டெல்லாம் ஜல்தி எறங்குங்க!" நடத்துனர் கத்தினார். அவன் எழுந்தான்.

"நானும் பொய்தாங்க எழுதினேன்!"

வண்டியே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

"ரெண்டாவது வாரமே எனக்குத் தூக்கம் வந்திடுச்சு. ஒங்க பக்கத்துல உக்காரணும்னு ரெண்டு மணி, மூணு மணின்னு கிறுக்கினேன். அந்த அம்மா எடத்த நானும்தான் புடிச்சுக்கினு இருந்தேன். என்னைத் திட்டிக்க முடியல... ஒங்களத் திட்டிட்டேன்."

அவன் மெல்ல உட்கார்ந்தான்.

"அண்ணா, திண்டிவனம் ஒண்ணு குடுங்க."

பிறகு அவள் பக்கம் திரும்பினான். கண்களில் அதே தேன்...

"நானும் அதுக்குத்தாங்க எழுதினேன். அப்பவே சொல்லியிருப்பேன்... நீங்கதான் பேசாதீங்கன்னு சொல்லிட்டீங்களே."

"போங்க... இன்னிக்கு எனக்குத் தூக்கமே வராது."

"நோட்டுல எழுதி வைங்க" என்றான். "இந்தத் தடவ அது பொய்யா இருக்காது."