ஆடியில் திறக்காத பூட்டு

நறுமுகையின் பருவப்பூட்டு அன்று காலை மூன்றாவது முறையும் திறக்க மறுத்தது. அக்குளுக்குக் கீழே, தோலுக்கடியில் அரிசியளவே இருக்கும் கருவி அது. டாக்டர் ஜமுனா திறவுகோலை அதன் மேல் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். திரையில் நாற்பத்தொன்று என்ற எண் சிவப்பாக நின்றது. ஐந்துக்குக் கீழே இறங்கினால்தான் பூட்டு அசையும்.

அந்த எண், ரத்தத்தில் ஓடும் போலிச்சுரப்பின் அளவு. சாயத்திலிருந்தும் பிளாஸ்டிக்கிலிருந்தும் கசிந்த ரசாயனங்கள் பெண்ணின் ஹார்மோனைப் போலவே வேடம் போட, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு மார்பு வளரத் தொடங்கிய காலம் ஒன்று இருந்தது. இரண்டாம் வகுப்பிலேயே வயதுக்கு வந்தார்கள். அதற்குத்தான் இந்தப் பூட்டு. அசலோ போலியோ, எந்த ஹார்மோனையும் அது செல்லுக்குள் விடாது. பன்னிரண்டு வயதுக்கு மேல் நல்ல நாள் பார்த்து, தாய்மாமன் கையால் திறப்பார்கள். திறந்த பத்து நாளும் இளம் மார்புத் திசு கிடைத்ததையெல்லாம் உறிஞ்சும். அப்போது போலி புகுந்தால் பிற்காலத்தில் புற்றுநோய்.

"தெறக்கறதுக்கு இன்னும் எத்தனை நாள் கெடு இருக்குங்க டாக்டர்?" என்று கேட்டாள் நறுமுகையின் அம்மா பூங்கோதை.

"பதினெட்டு. அதுக்கப்புறம் திசு ஊமையாயிரும். சினைப்பையும் முழிக்காது. பதினஞ்சு வயசு வரைக்கும் எதுக்குங்க தள்ளிப்போட்டீங்க?"

பொதுத்தேர்வு முடியட்டும் என்று ஒரு வருடம். துபாயில் இருக்கும் தாய்மாமனுக்கு லீவு கிடைக்கட்டும் என்று ஒரு வருடம். வைகாசியில் பங்காளி வீட்டுச் சாவுத் தீட்டு. இப்போது ஆடி. ஆடியில் யாரும் பூட்டைத் திறப்பதில்லை. ஆவணி பிறக்கவோ இன்னும் இருபத்தேழு நாள். ஆடியாவது ஒன்றாவது என்று துணிந்து வந்தவளை மகளின் ரத்தமே வழிமறித்தது.

தை மாதத்தில் மூன்றாக இருந்த எண் ஏன் இப்படி ஏறியது என்பது அந்த ஊரிலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவள் நீர்க்காப்பு வாரியத்தின் தலைமைப் பொறியாளர். சாயப்பட்டறைகள் வருடம் முழுக்கக் கழிவை ஆற்றில் விட, எந்த முகூர்த்தத்திலும் பூட்டைத் திறக்க முடியாமல் ஊர் தவித்தபோது வழி சொன்னவளே அவள்தான். பதினொரு மாதம் தொட்டியில் தேக்குங்கள், ஆடியில் மொத்தமாகத் திறந்துவிடுங்கள் என்று ஆணையும் எழுதினாள். பாம்பும் செத்தது, தடியும் முறியவில்லை என்று ஊரே அவளைக் கொண்டாடியது. பக்கத்து மாநிலங்களும் தங்கள் ஆடியான ஆஷாடம், கர்க்கடகம் என்று அதையே பின்பற்றின. இப்போது தப்பி ஓட ஓர் ஊர் கிடையாது.

மகளைக் காரில் உட்கார வைத்துவிட்டு, பட்டறைச் சங்கத் தலைவர் திருமூர்த்தியின் அலுவலகத்துக்குள் போனாள்.

"மதகுகளை மூடச் சொல்லி இப்பவே எழுதித் தர்றனுங்க. எம் புள்ளைக்காக. பதினெட்டு நாளு மூடுனாப் போதும், அதுக்குள்ள ரத்தம் தெளிஞ்சிரும்."

"மூடிப்போடலாமுங்க" என்றார் அவர். குரலில் கோபமே இல்லை. "ஆனா தொட்டியெல்லாம் ததும்பிக் கெடக்குது. ஆடியில விடாதது ஆவணியில வழியும். ஆவணி பொறந்தா நம்ம ஊர்ல மட்டும் நாலாயிரம் புள்ளைங்களுக்குப் பூட்டுத் தெறக்கோணும். என்ற தங்கச்சி பொண்ணுக்கு ஆவணி பத்தாந்தேதிங்க. நாந்தான் தாய்மாமன்."

பூங்கோதை பேனாவைத் திறந்தாள். முகம் தெரியாத அந்த நாலாயிரம் குழந்தைகள் மீது ஒரு கணம் அவளுக்கு வெறுப்பே வந்தது. அப்படி வந்ததற்காக வெட்கமும் வந்தது. ஒரு வரிகூட எழுதாமல் பேனாவை மூடினாள்.

"மூடறாங்களாம்மா?" என்றாள் காரில் இருந்த நறுமுகை.

"இல்ல கண்ணு."

எல்லாவற்றையும் சொன்னாள், தன் பங்கு எதையும் மறைக்கவில்லை. நறுமுகை அழவில்லை. கைபேசியில் அம்மாவின் பழைய ஆணையைத் தேடி எடுத்து, அதில் காரணம் என்றிருந்த பத்தியைச் சத்தமாகப் படித்தாள்.

"ஆடி மாதத்தில் பூட்டுத் திறக்க வேண்டிய பெண் குழந்தைகளின் எண்ணிக்கை, பூஜ்யம்."

பிறகு கைபேசியை அம்மாவின் மடியில் வைத்தாள்.

"இதை ஒண்ணுன்னு திருத்திருங்கம்மா. அடுத்த வருசம் எவளாச்சும் ஆடியில வந்து நிப்பா."