குளத்தடியில் சங்கு

சங்குச் சத்தம் குளத்துப் பக்கமிருந்து வந்தது. கோயில் இருப்பதோ அதற்கு நேர் எதிர்த் திசையில், தெருவுக்கு அந்தப் பக்கம்.

தர்சிகா நடையை நிறுத்திக் காது கொடுத்தாள். மார்கழி விடியலில் உடுவில் ஊர் ஒழுங்கைகளில் பெடியள் சங்கு ஊதி, சேமக்கல மணி தட்டி, வீட்டுப் படலைக்குப் படலை பாடிக்கொண்டு போவது வழக்கம்தான். ஆனால் இந்த மார்கழியில் ஊரே முடக்கத்தில் கிடந்தது. கோயிலும் பூட்டு.

"அம்மா, உதென்ன சத்தம்?" மகள் ஆரணி மாஸ்க்குக்குள்ளிருந்து கேட்டாள்.

"கோயிலடிப் பெடியள்தான். சொன்னாலும் அடங்காதுகள்."

"கோயில் அங்காலையெல்லோ?"

"பனியிலை சத்தம் சுத்தி வரும். நீ குருவியைப் பார்."

"ஒண்டையும் காணேல்லை. குருவியளுக்கும் ஊரடங்கோ?"

தர்சிகா சிரித்துவிட்டாள். பிள்ளை ஒரு பகிடி விட்டு எவ்வளவு நாளாயிற்று! போன மாதம் தர்சிகாவின் அப்பா சிவசுப்பிரமணியம் கொரோனாவில் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார். உடலைப் பொலித்தீன் பையில் இறுக மூடி, அப்படியே எரிக்கக் கொண்டுபோனார்கள். முகம் காட்டவில்லை. செத்தவீட்டில் பேரப்பிள்ளைகள் உடலைச் சுற்றிப் பந்தம் பிடிக்க வேண்டும். அதுவும் நடக்கவில்லை. அவருக்கு இருந்த ஒரே பேத்தி ஆரணிதான். "அம்மப்பாவுக்கு நான் பந்தம் பிடிக்கேல்லையே" என்று ஓர் இரவு முழுக்க அழுதவள், அதற்குப் பிறகு சாப்பாட்டையும் விட்டாள், கதைபேச்சையும் விட்டாள். பிள்ளை கண்முன்னே உருகிக்கொண்டிருந்தது. குருவிகளைப் பார்த்து வரச்சொல்லி ரீச்சர் வட்ஸ்அப்பில் அனுப்பிய பாடத்தைச் சாட்டாக வைத்துத்தான், பொலிஸ் ரோந்துக்கு முன்பே, பூட்டிக் கிடந்த இந்தக் குளத்தடிப் பூங்காவுக்குள் வேலி உடைந்த இடத்தால் அவளைக் கூட்டி வந்திருந்தாள்.

மருதமரங்களிலிருந்து பனி சொட்டுச் சொட்டாக விழுந்தது. ஊஞ்சல்களின் சங்கிலிகள் தெரிந்தன, பலகைகள் பனிமூட்டத்துக்குள் தெரியவில்லை. ஈர மண்ணும் பாசியும் மணத்த காற்றில் இன்னொரு மணமும் மெல்லக் கலந்திருந்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரங்களில் தெளிக்கும் மருந்துத் தண்ணீரின் மணம்.

தெருவில் மோட்டார்சைக்கிள் வெளிச்சம் திரும்பியது.

"குனி!"

இருவரும் உட்காரும் சீமெந்து வாங்குக்குப் பின்னால் பதுங்கினார்கள். தர்சிகா மகளின் கையை விட்டு, வேலிப்பக்கம் எட்டிப் பார்த்தாள். வெளிச்சம் ஊர்ந்து, நின்று, பிறகு போனது. திரும்பினாள்.

வாங்குக்குப் பின்னால் ஆரணி இல்லை.

"ஆரணி?" முதலில் மெதுவாக. பிறகு, பொலிஸ் கேட்டாலும் கேட்கட்டும் என்று தொண்டை கிழிய. "ஆரணீ!"

சங்கு மட்டும் ஊதியது. போன வருடமும் அதற்கு முந்திய வருடமும், பெடியளின் பின்னால் ஓடிப்போய், கோயிலடியில் கடலை வாங்கித் தின்றுவிட்டு வந்தவள் ஆரணி. இப்போதும் அவர்களுக்குப் பின்னால்தான் போயிருப்பாள். அந்த எண்ணத்தில் மனம் சற்று ஆறியது. வீட்டுப் பக்கம் பார்க்காமல், தெருவுக்கும் போகாமல், சத்தம் வந்த திசையில் ஓடினாள்.

நடைபாதை முடிந்தது. புல். சேறு. ஒரு செருப்புக் கழன்றது. அதை எடுக்கவில்லை.

சேமக்கலம் கிட்டக் கேட்டது. அப்போதுதான் உறைத்தது. மார்கழிப் பெடியள் கலகலவென்று தட்டுவார்கள். இது ஓர் அடி. நெடிய இடைவெளி. மறுபடி ஓர் அடி.

செத்தவீட்டு அடி.

நெய் எரியும் மணம். பனிக்குள் சின்ன மஞ்சள் வெளிச்சம். அது வட்டமாக நகர்ந்தது.

ஆரணி.

தடியில் வெள்ளைத் துணி சுற்றிய பந்தம் ஒன்று அவள் கையில் எரிந்தது. நிலத்தைப் பார்த்தபடி சுற்றி நடந்தாள். நடுவில், புல்லின் மேல், தலை முதல் கால் வரை மூடிய பொலித்தீன் பை. சங்கு ஊதுகிறவனைக் காணவில்லை.

"என்ரை குஞ்சு! உதைக் கீழை போடு! வா வீட்டை!"

தோளைப் பிடித்து இழுத்தாள். எட்டு வயதுப் பிள்ளை அசையவில்லை. நட்ட கல்லைப் போல நின்றாள்.

"ஏலாது அம்மா."

"ஏன் ஏலாது? ஆர் உனக்குச் சொன்னது?"

"அம்மப்பாவுக்குப் பிடிச்சு முடிஞ்சுது. மற்றவைக்குப் பிடிக்க ஒருத்தரும் வரேல்லையாம்."

மற்றவை?

குளத்துக் காற்று ஒருமுறை வீசிப் பனியைக் கிழித்தது. அடுத்த பை. அதற்கு அடுத்தது. குளத்தின் அணைக்கட்டு முழுக்க. அணைக்கட்டுக்கு அப்பால் வயல் முழுக்க. வரிசை வரிசையாக. முடிவே தெரியவில்லை.

"என்னட்டைத் தா! நான் பிடிக்கிறன்! எல்லாருக்கும் நானே பிடிக்கிறன்! பிள்ளையை விடுங்கோ!"

பந்தத்தைப் பறித்தாள். அவள் கை பட்டதும் சுடர் அவிந்தது. சங்கு நின்றது. சேமக்கலம் நின்றது. ஈரப் பொலித்தீன் சரசரத்தது. பைகளுக்குள் இருந்த தலைகள் எல்லாம் ஒன்றாகத் தர்சிகாவின் பக்கம் திரும்பின.

"அம்மா, பேரப்பிள்ளையள்தான் பிடிக்கோணும்." ஆரணி பொறுமையாகத் தடியைத் திரும்ப வாங்கினாள். பந்தம் தானாகப் பற்றிக்கொண்டது.

தலைகள் மெல்லப் பிள்ளையின் பக்கம் திரும்பின. அடுத்த பையை நோக்கி ஆரணி நடந்தாள். தர்சிகா மண்டியிட்டு மகளின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சேற்றில் இழுபட்டாள். விடவில்லை. கதறினாள். விடவேயில்லை.

வாய் இருக்கும் இடத்தில் பொலித்தீன் உள்ளே ஒட்டியது. வெளியே உப்பியது. ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. பிறகு வயல் முழுக்க. எல்லாம் மூச்சு விட்டன.

தர்சிகா நிமிர்ந்து மகளின் முகத்தைப் பார்த்தாள். பந்த வெளிச்சத்தில் ஆரணியின் மாஸ்க் மட்டும் அசையவில்லை.