உதட்டுக்கு ஓர் அங்குலம் தள்ளி

மெட்டுகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸை ஒட்டிய சந்தில் அந்த வீட்டை நான் கண்டுபிடித்தபோது பிற்பகல் மூன்று மணி. மே மாத வெயில். மின்கம்பியில் காக்கைகள் சூடு பொறுக்காமல் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தன. சத்தியமாகப் பார்த்தேன்.

ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருடம் டர்பைன்களோடு மல்லுக்கட்டிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். பெயர் பத்மநாபன். எங்களைப் போன்ற கிழங்கள் சேர்ந்து நடத்தும் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு நாற்காலி என்னுடையது. அந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்திருந்தது.

"டேய் பத்து, உன் பொட்டியில ஷெனாய் வாசிச்சா குக்கர் விசில் மாதிரி இருக்கு" என்றான் குழுத் தலைவன் ராஜாராமன். "ஞாயித்துக்கிழமை ஆண்டுவிழாவுக்குள்ள வேற கொண்டு வா. இல்லேன்னா என் மாட்டுப்பொண் பூர்ணா லேப்டாப்போட உன் இடத்துல உட்காருவா."

நாற்காலி போனால் எனக்கு மிச்சம் இருப்பது வீட்டில் கொத்தவரங்காய் நறுக்கும் உத்தியோகம்தான். அதனால்தான் பழைய சிந்தசைசர் தேடி இங்கே வந்தேன்.

கதவைத் திறந்தவர் ஷோபா. கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்த வெங்கட்டின் மனைவி. வெங்கட் போய் எட்டு மாதம். உள்ளே இருட்டு. எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. தைல வாசனை, யாரோ இப்போதுதான் நெஞ்சில் தேய்த்துக்கொண்டதைப் போல.

மேஜைமேல் இரண்டு கருவிகள். இரண்டும் எண்பதுகளில் வந்தவை, இரண்டும் எஃப்.எம். வகை. ரேடியோ இல்லை. காதில் விழாத அலை ஒன்று, காதில் விழும் அலையைப் பின்னாலிருந்து உலுக்கும். நமக்குக் கேட்பது அந்த உலுக்கல்தான். சின்னதில் நான்கு அலைகள். பெரியதில் ஆறு. பெரியதோடு ஒரு ஊதுகுழாயும் உண்டு. கட்டையை அழுத்தினால் மட்டும் போதாது, குழாயில் ஊதினால்தான் ஷெனாய் பேசும்.

சின்னதை வாசித்தேன். மணி மணியாக ஒலித்தது. ஷெனாய் சுமார்தான்.

"பெருசை மூணு பேர் வந்து ஊதிப் பாத்தாங்க சார்" என்றார் ஷோபா. "சத்தமே வரல. ஹவ் சார், நிஜமா, அடைச்ச மாதிரி."

"அவர் எப்படி..."

"மூச்சு முட்டி. இதே ரூம்லதான்."

செத்தவர் வாய் வைத்த குழாய்! எங்கள் வீட்டில் டம்ளரையே அண்ணாந்துதான் குடிப்போம். எச்சில் என்றால் ஏழூருக்குத் தள்ளி நிற்போம். அதனால் குழாயை உதட்டுக்கு ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, காப்பி ஆற்றுவதுபோல ஊதினேன்.

ஷெனாய் வந்தது.

சுவர்க் காரை உதிர்ந்தது என்றால் நம்ப மாட்டீர்கள். நம்ப வேண்டாம். எனக்கு மூச்சு தீர்ந்துபோய் இருமல் வந்தது.

ஸ்வரம் நிற்கவில்லை.

கடைசியில் அது மெல்ல ஒரு நெளிவு நெளிந்து அடங்கியது. ஷோபா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த நெளிவு அவரோடது" என்று கிசுகிசுத்தார். "நக்கோ சார், வேணாம். சின்னதையே எடுத்துட்டுப் போங்க."

புத்தியுள்ளவன் கேட்டிருப்பான். எனக்கு நாற்காலிதான் கண்ணில் தெரிந்தது. பெரியதை ஆட்டோவில் ஏற்றினேன்.

அதன்பிறகு வீட்டில் இருப்பே கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் அதன் பக்கம் போகத் தோன்றியது. கூடத்தில் தைல வாசனை. நான் பயிற்சி செய்வதைப் பார்த்து என் மனைவி ரமா நெற்றியைச் சுருக்கினாள்.

"குழாய் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். யாருக்கு ஊட்டி விடறேள்?"

ஞாயிற்றுக்கிழமை மாலை, காலனி அரங்கம் நிரம்பி வழிந்தது. நீண்ட ஷெனாய் இடம் வந்தது. முன்வரிசையில் எல்லோரும் செல்போனைத் தூக்கினார்கள். படத்தில் கோமாளிபோல விழக்கூடாதே என்று, முதல்முறையாகக் குழாயை வாயில் வைத்தேன்.

ஈரமாக இருந்தது.

சூடாகவும் இருந்தது.

ஊதினேன். மூச்சு உள்ளே போகவில்லை. எதிரே இன்னொரு வாய் அதைக் கவ்விக்கொண்டு விட மறுப்பதுபோல இருந்தது.

அப்போதுதான் புரிந்தது. அந்த மூன்று பேரும் வெங்கட்டின் இடத்தில் வாய் வைத்திருக்கிறார்கள். நான் மட்டும்தான் ஓர் அங்குலம் இடம் விட்டிருக்கிறேன்.

வாயை எடுத்தேன்.

ஸ்வரம் பொங்கி எழுந்து முழுதாக மூன்று நிமிடம் நின்றது. ராஜாராமனைக் கேட்டால் முப்பது விநாடி என்பான், பொறாமை பிடித்தவன். கைதட்டலில் மேடை ஆடியது.

"பத்து, நீ சாகிற வரைக்கும் இந்த நாற்காலி உன்னுதுடா!" என்று கட்டிக்கொண்டான்.

"திருப்பிக் கொடுத்துடுங்கோ" என்றாள் ரமா, வீடு திரும்பும் வழியெல்லாம். நான் கொடுக்கவில்லை. நாற்காலி ருசி அப்படி.

அடுத்த வாரம் காலை ஒத்திகைக்குப் போனேன். என் கீபோர்டுக்குப் பின்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், நெருக்கியடித்துப் போட்டிருந்தன.

"ரெண்டாவது யாருக்குடா?"

ராஜாராமன் முறைத்தான். "விளையாடாதே. காலம்பர நீதானே போன் பண்ணி ரெண்டு போடச் சொன்னே?"

"நான் பண்ணலை."

"உன் நம்பர்தாண்டா. என்ன, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கித்து. ஒவ்வொரு வார்த்தையும் இழுத்து இழுத்து..."

அவன் பாதியில் நிறுத்திவிட்டான். என் தோளுக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் இன்னும் உட்காரவில்லை.

இரண்டாவது நாற்காலியின் கால்கள், ஒரு பாரம் இறங்கியதுபோல, மெல்ல அகன்றன.