பத்துக்குப் பத்து போடச் சொல்லு

நெல்லுச் சாக்குக்குள் இருந்த பிணம் தும்மியது.

ஒரு தடவை அல்ல... மூன்று தடவை!

"முதலாளி... இது உயிரோட இரிக்கு," என்றான் குணம், இரண்டடி பின்வாங்கி.

"பின்ன என்ன, மையித்தையா கொண்டு வரச் சொன்னன்? அவிழ்த்து விடு."

சாக்கு அவிழ்ந்தது. தவிடு அப்பிய தலை ஒன்று வெளியே வந்து, கண்ணைக் கசக்கி, எதிரே நின்றவரைப் பார்த்தது.

"முகம்மது தம்பி காக்கா... நீங்களா?"

"நான்தான். பிளேன்டி குடிக்கிறியா?"

"ஆளைக் கடத்திப் போட்டு பிளேன்டி தாறீங்க."

"வந்தவனுக்கு ஒண்டும் குடுக்காம அனுப்புற பழக்கம் நம்மட குடும்பத்துல இல்ல, றாஸிக்."

றாஸிக் சாய்ந்தமருதுக்காரன். கடலோரத்தில் இருந்த வீட்டைச் சுனாமி எடுத்துக்கொண்டு போனது. அதன் பிறகு வீடு கட்டிக் கொடுக்க வந்தவர்களில் ஒருத்திதான் பின்லாந்துக்காரி கிர்ஸ்டி மேடம். ஆறு மாதத்தில் போகிறேன் என்று வந்தவள் ஐந்து வருஷமாகப் போகவில்லை. றாஸிக் அவளுக்கு ட்ரைவர். கூடவே நாக்கும் அவன்தான். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை இவன் தமிழில் சொல்லுவான், ஊர் தமிழில் ஏசியதை இவன் ஆங்கிலத்தில் கொஞ்சம் சீனி போட்டுச் சொல்லுவான்.

யுத்தம் முடிந்து ஆறு மாதம். ஆட்களைக் கடத்தும் காலம் மலையேறிவிட்டது என்று ஊர் நம்பத் தொடங்கியிருந்தது. முகம்மது தம்பிக்கு மட்டும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை போலும்!

இளையவர்கள் அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடும் அவருக்கு மாவடிப்பள்ளியில் ஒரு நெல்லு மில். வயலில் இப்போதுதான் பயிர் முளைத்து நின்றதால் மில்லுக்கு வேலை இல்லை. வெளியே அடைமழை. உள்ளே ஒரு டீவி, ஒரு கதிரை, ஒரு கயிறு... கயிறு றாஸிக்கின் கையில் ஏறியது.

"உன்ட மேடம் இப்ப எங்க?"

"ஜப்பான்ல. ஐஸ் மேல சறுக்கி ஆடுற சர்வதேசப் போட்டி. அவ அதுல நடுவர்."

"அதேதான்." முகம்மது தம்பி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "டோஹாவில ஒரு வெள்ளைக்காரக் கோடீஸ்வரன் இரிக்கான். அவன்ட காரை ஓட்டுறது என்ட மச்சான். அவன்ட மகள் இண்டைக்குச் சறுக்குறாள். சிவப்பு உடுப்பு. அவள் வெல்லணும். வெல்லவெச்சா நமக்கும் காசு தருவான்."

"அதுக்கு நான் என்ன செய்ய? எனக்குச் சறுக்கத் தெரியாதே."

குணம் சிரித்துவிட்டான். முதலாளி முறைத்ததும் அந்தச் சிரிப்பை இருமலாக மாற்றினான்.

"உன்ட மேடம் அவளுக்குப் புள்ளிய ஏத்திப் போடணும். போட்டா நீ வீட்டுக்குப் போவாய். போடல்லயெண்டா..." முகம்மது தம்பி ஜன்னல் பக்கம் தலையசைத்தார். ஆறு கரைபுரண்டு ஓடும் சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. "சாக்கு இந்தா கிடக்கு."

றாஸிக் அந்தச் சாக்கைப் பார்த்தான்.

வீட்டில் சுபைறா நிறைமாதம். தலைப்பிள்ளை. இவன் திரும்பிப் போகாவிட்டால் அவள் என்ன ஆவாள்? இந்தப் பக்கம் இப்படி. அந்தப் பக்கம் மேடம்... தன் சொந்த ட்ரைவருக்கே முதல் சுற்றில் வீடு கொடுக்காத மனுஷி! "உன்னைவிடக் கஷ்டப்பட்டவங்க இருக்காங்க, றாஸிக்" என்று முகத்துக்கு நேரே சொன்னவள். அவளிடம் போய்ப் பொய்ப் புள்ளி கேட்பதா? இவனுக்காக அவள் போட்டாலும் போடுவாள். போட்டுவிட்டு அந்த வேலையையே விட்டுவிடுவாள். அதை நினைக்கத்தான் அவனுக்கு ஆற்றாமையாக இருந்தது.

"அவ லேசுப்பட்ட ஆள் இல்ல காக்கா."

"எனக்குத் தெரியாதா? வீடு யாருக்கெண்டு தீர்மானிக்க அவ வெச்ச கமிட்டியில நானும் ஒரு ஆள்தானே. ஒன்பது பேர் இரிந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் புள்ளி போட்டம். என்ட தங்கச்சிக்கு நான் பத்துக்குப் பத்து போட்டன். மயிரிழையில வீடு போயிட்டு. மத்த எட்டுப் பேரும் கள்ளனுகள்."

றாஸிக் அவரை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்குள் ஏதோ ஒரு பல்பு எரிந்தது. எரியட்டும், நாம் இப்போதைக்கு அதை அணைத்து வைப்போம்!

"எவ்வளவு போடச் சொல்லணும்?" என்று கேட்டான் மெதுவாக.

"மச்சான் சொன்ன கணக்கு எட்டேகால். மத்தவங்களவிடக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான்."

"எட்டேகாலா?" றாஸிக் உதட்டைப் பிதுக்கினான். "அப்ப நீங்க ஏமாறப் போறீங்க காக்கா."

"ஏன்?"

"புள்ளியத் திரையில போடுவாங்க. ஆனா எந்த நடுவர் எதைப் போட்டாரெண்டு பேர் போட மாட்டாங்க. வரிசையையும் கலைச்சிருவாங்க. ஒன்பது பேர்ல நாலு பேர் எட்டேகால் போட்டா அதுல எது மேடத்துட? அவ எட்டேகால் போட்டனெண்டு சொன்னா நீங்க நம்பணும். போடாமலே சொன்னாலும் நம்பணும்."

முகம்மது தம்பியின் முகம் சுருங்கியது. ஆத்திரம் பிடித்த முகம் அல்ல, வியாபாரியின் முகம்.

மரைக்காலால் நெல் அளந்த காலத்து மனிதர் அவர். வாங்கும்போது கூம்பாகக் குவித்து, ஓரத்தால் வழியவிட்டு வாங்குவார். விற்கும்போது கம்பால் வழித்து மட்டமாக அளப்பார். தராசு வந்து எத்தனையோ வருஷமாகியும் அந்தக் கை இன்னும் குவித்துத்தான் கேட்டது.

"அப்ப என்ன செய்யலாம்?"

"எல்லாத்துக்கும் பத்து போடச் சொல்லுங்க. குதிச்சதுக்கும் பத்து, சுத்தினதுக்கும் பத்து, பாட்டுக்கு ஏத்த மாதிரி ஆடினதுக்கும் பத்து. அப்ப ஒன்பது நிரல்ல ஒண்டு மட்டும் பத்துப் பத்தா நிக்கும். அதுதான் உங்களுக்கு அத்தாட்சி."

"மச்சான் எட்டேகாலெண்டுதானே சொன்னான்..."

"எட்டேகால் கேட்டவனுக்குப் பத்து கிடைச்சா ஏசுவானா காக்கா?"

முகம்மது தம்பி தாடியைத் தடவினார். கண்ணில் மரைக்கால் குவிந்தது.

"பத்துக்குப் பத்து போடச் சொல்லு," என்றார்.

குணம் போனைப் போட்டு றாஸிக்கின் காதில் வைத்தான். தன்னை விடுவிக்கும் பேரத்தைத் தானே மொழிபெயர்க்கும் பாக்கியம் உலகத்தில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

மேடம் எடுத்தாள். றாஸிக் பேசினான். ஆங்கிலத்தில், நீளமாக, மிகவும் பணிவாக. முகம்மது தம்பியின் காதில் 'டென்' என்ற ஒரு சொல் மட்டும் நாலு தடவை விழுந்தது.



பிறகு மேடம் ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு வைத்தாள்.

"என்ன சொன்னா?"

"சரியாம்."

"அதுக்கு நீ என்ன இவ்வளவு நீளமாக் கதைச்சாய்?"

"வெள்ளைக்காரங்களோட ப்ளீஸ், தேங்க்யூ எல்லாம் போட்டுத்தானே காக்கா கதைக்கணும். பொலிஸுக்குப் போகக் கூடாதெண்டும் சொன்னன்."

"கெட்டிக்காரன்," என்று முகம்மது தம்பி அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

பின்னேரம். ஜப்பானில் விளக்கு வெளிச்சத்தில் போட்டி. மாவடிப்பள்ளியில் மழைக்கு டிஷ் விட்டு விட்டு வேலை செய்தது.

"கிரிக்கெட் போடுவமா முதலாளி?"

"பொத்திக்கிட்டுப் பாரு."

குணம் பொத்திக்கொண்டு பார்த்தான். மூன்றாவது பெண் ஆடி முடிப்பதற்குள் அவனே நடுவராகிவிட்டான்.

"இவள் ஒத்தைக் காலில வந்து இறங்கினது நல்லம். இவளுக்கு ஏழு."

"ஏழரை," என்றான் றாஸிக், கட்டிய கையோடு. "எத்தனை சுத்து சுத்தினாளெண்டு பாக்க வேற ஆக்கள் இரிக்காங்க. படத்தை மெதுவா ஓட்டிப் பார்ப்பாங்க. நடுவர் பாக்கிறது எவ்வளவு அழகாச் செய்தாளெண்டு."

"ஓ... அப்ப ஏழரைதான்."

நீல உடுப்புக்காரி பறவை மாதிரி ஆடினாள். முகம்மது தம்பியே தன்னை மறந்து "மாஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்டார்களா என்று சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

கடைசியாகச் சிவப்பு உடுப்பு.

முதல் குதிப்பு சரி. இரண்டாவது சரி. மூன்றாவதில்... தொப்பென்று விழுந்தாள்!

"விழுந்துட்டாள் முதலாளி."

"விழட்டும். நம்மட பத்து இரிக்கி."

ஆட்டம் முடிந்தது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு புள்ளிக்காகக் காத்திருந்தாள். திரை திறந்தது... மின்னல் வெட்டியது... டீவி முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைந்தது!

"குணம்! ஏறுடா மேல!"

குணம் ஏறினான். நனைந்துகொண்டே டிஷ்ஷைப் பிடித்துத் திருப்பினான். படம் வந்தது.

ஒன்பது நிரல்கள். பெயர் இல்லை. ஆறு, ஆறரை, ஆறேகால் என்று கிடந்தவற்றின் நடுவே ஒரு நிரல் மட்டும் தலை முதல் கால் வரை பத்து... பத்து... பத்து!

"அந்தா!" முகம்மது தம்பி துள்ளினார். "உன்ட மேடம் வாக்கு மாறல்லடா!"

அடுத்த நொடி முடிவு விழுந்தது.

நீலம் முதலாவது. சிவப்பு... நாலாவது!

முகம்மது தம்பி எழுந்து டீவிக்குக் கிட்டப் போனார்.

"எப்பிடிடா? பத்து போட்டாளே... பின்ன எப்பிடி நாலாவது?"

"மத்த எட்டுப் பேரும் கள்ளனுகளோ என்னமோ காக்கா," என்றான் றாஸிக்.

முகம்மது தம்பி பதில் சொல்ல வாயைத் திறந்தபோது அவருடைய போன் அலறியது. டோஹா நம்பர். மச்சான் இல்லை... கோடீஸ்வரனே நேரடியாக!

அந்தக் குரல் ஒரு முழம் தள்ளியும் கேட்டது. முகம்மது தம்பிக்கு அதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. போனை றாஸிக்கின் காதில் அழுத்தினார்.

"என்ன சொல்றான்?"

கோடீஸ்வரன் சொன்னது இதுதான்: 'மடையா, எட்டேகால் என்றல்லவா சொன்னேன்! யார் பத்து போடச் சொன்னது? காரியத்தைக் கெடுத்த கழுதையே, உன்னைச் சும்மா விடமாட்டேன்!'

றாஸிக் கவனமாகக் கேட்டான். மரியாதையாகத் தலையாட்டினான்.

"ரொம்பச் சந்தோசமாம் காக்கா."

"நாலாவதா வந்ததுக்கா?"

"நாலாவதே அவருக்குப் பெரிசாம். போன தடவை பதினோராவதாம்."

"டென் டென் எண்டு கத்துறான்..."

"பத்தைப் பார்த்த சந்தோசம். உங்களுக்கு ஒரு அன்பளிப்போட ஆள் அனுப்பியிருக்காராம். இப்ப வந்திருவாங்களாம், கேட்டைத் திறந்து வைக்கட்டாம். என்னையும் அவிழ்த்து விடட்டாம்."

முகம்மது தம்பி யோசித்தார். ஒரு கணம்... இரண்டு கணம்... சுபைறாவின் முகம் றாஸிக்கின் கண்ணுக்குள் வந்து நின்றது. யா அல்லாஹ், இந்த ஒரு பொய்யை மட்டும் இவர் நம்பட்டும்.

வெளியே, தண்ணீர் மூடிய ரோட்டில், ஒரு வாகனம் இரைந்துகொண்டு வரும் சத்தம்!

"வந்துட்டாங்கடா!" முகம்மது தம்பியின் முகம் மலர்ந்தது. "குணம், இவனை அவிழ்."

குடையை எடுத்துக்கொண்டு அவரே போனார். கேட்டை அவரே திறந்தார். "வாங்க வாங்க, மழைக்குள்ள கஷ்டப்பட்டு வந்திரிக்கீங்க" என்று அவரே உபசரித்தார்.

ஜீப்பிலிருந்து இறங்கிய பொலிஸ் அதிகாரி அந்த வரவேற்பை எதிர்பார்க்கவில்லை!

பின்னால் இறங்கியவள் சிவரூபினி. மேடத்தின் கல்முனைக் கந்தோரில் வேலை செய்பவள்.

"போட்டி தொடங்க முதல் மேடம் எனக்குப் போன் எடுத்தவ," என்றாள். "வீட்டுக் கமிட்டியில தங்கச்சிக்குப் பத்து போட்டவர்தான் ஆளெண்டு றாஸிக் சொன்னானாம். ஆத்தைக் கடக்கிற தாம்போதிப் பாதைக்கு மேலால தண்ணி ஓடுது, அதுதான் வரப் பிந்திப் போச்சு."

முகம்மது தம்பியின் கையில் விலங்கு ஏறியது. குடை நழுவியது.

"அப்ப அந்த நீளக் கதை..."

"ஓம் காக்கா. ப்ளீஸும் தேங்க்யூவும் கொஞ்சம்தான்."

"அதை விடு." அவருக்கு ஜெயிலைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருந்தது. "அந்தப் பத்து எங்கடா போச்சு?"

"இந்தப் போட்டியிட சட்டம் அது. ஒரு நடுவர் மத்தவங்களை விட்டுக் கனதூரம் விலகிப் புள்ளி போட்டா அந்த நிரலையே கணக்குல சேர்க்க மாட்டாங்க. குவியலை மட்டும் வழிக்கிறதில்ல காக்கா, மரைக்காலோட தூக்கி எறிஞ்சிருவாங்க. எட்டேகால் போட்டிருந்தாத்தான் ஆபத்து."

முகம்மது தம்பி ஜீப்பில் ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றார். கணக்கு மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது.

"அப்ப... என்ட தங்கச்சிட வீடு?"

"மேடம் அதே சட்டத்தைத்தான் கமிட்டியிலயும் வெச்சவ. முதல் கூட்டத்திலயே நான் தமிழ்ல சொன்னன். நீங்க அப்ப நித்திரை. எட்டு போட்டிருந்தா உங்கட தங்கச்சி இப்ப அந்த வீட்டுக்குள்ள இரிந்திருப்பா."

விலங்கு மாட்டியபோதுகூட இடிந்து போகாத மனிதர் இப்போது இடிந்து போனார். ஜீப் போகும்வரை அவர் வாய் எட்டு... எட்டு... என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

சிவரூபினியின் போன் அடித்தது. ஜப்பான்.

"றாஸிக்!" மேடத்தின் குரல் உடைந்திருந்தது. "உயிரோடு இருக்கிறாயா? நடந்ததையெல்லாம் தலைமை நடுவரிடம் சொல்லிவிட்டேன். அவர் உன்னைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இன்றைக்கு நீ ஆடிய ஆட்டத்துக்கு என்ன புள்ளி போடலாம் என்கிறார். நான் பத்து என்றேன்."

றாஸிக் தலையில் இருந்த தவிட்டைத் தட்டினான். இன்னொரு தடவை தும்மினான்.

"எட்டேகால் போதும் மேடம்... பத்து போட்டுக் கெட்டவர் இப்பதான் ஜீப்பில போறாரு."