கையசைக்காத பயணி

வெண்பாவுக்குப் பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

நெடுஞ்செழியனுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. கையிலிருந்த டிரோன் கன்ட்ரோலரின் திரையில் நீராவி ரயில் ரெட்வுட் மரங்களுக்கு நடுவே மூச்சிரைத்தபடி மலை ஏறிக்கொண்டிருந்தது. கூரையில்லாத பெட்டிகளில் தொப்பியும் குளிர்கண்ணாடியுமாக ஜனங்கள் நிறைந்திருந்தார்கள். கடைசிப் பெட்டியின் கடைசி வரிசையில் மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட மகள் வெண்பா; அவளுக்கு அந்தப் பக்கம் மனைவி யாமினி. இந்தப் பக்கம் அவனுடைய சாம்பல் நிற ஜாக்கெட் மட்டும்தான் கிடக்க வேண்டும். ஜாக்கெட் கிடக்கவில்லை. அதை ஒருவன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இடம் பிடிக்க அந்த ஜாக்கெட்டைப் போட்டு வைத்தது யாமினி. இந்த ரயிலில் சீட்டுக்கு நம்பர் கிடையாது என்று தெரிந்ததும் அவள் ஒரே தாவலில் ஏறி, அவன் கையிலிருந்ததைப் பிடுங்கி பெஞ்சில் விரித்துவிட்டாள். கோபி பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு வளர்ந்தவள். அமெரிக்கா வந்து சன்னிவேலில் வீடு வாங்கிவிட்டால் மட்டும் அந்தப் புத்தி போய்விடுமா என்ன?

“மேல வந்து ஏறிக்குவேன்னு சொல்றீங்க. போன தடவையும் இதேதான் சொன்னீங்க,” என்றாள்.

“இந்தத் தடவை கண்டிப்பா ஏறிக்கறேன். மேல என்ஜினுக்குத் தண்ணி பிடிக்க நிப்பாட்டுவாங்கல்ல, அங்க வந்துடறேன். திரும்பி வர்றப்ப மூணு பேரும் ஒண்ணா வரலாம்.”

“எங்கிட்ட சொல்லாதீங்க. உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க.”

வெண்பா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “ப்ராமிஸ், அப்பா?” என்றாள்.

“ப்ராமிஸ்டா கண்ணு.”

ஸ்கூலில் குடும்பப் படம் வரையச் சொன்னபோது வெண்பா அம்மாவை வரைந்தாள், தன்னை வரைந்தாள், மேலே வானத்தில் நான்கு இறக்கை வைத்த ஒரு சின்னப் பெட்டியை வரைந்தாள். அது என்ன என்று டீச்சர் கேட்டதற்கு, “தட்ஸ் மை டாட்” என்றாளாம். யாமினி அதை ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்தாள். சனி ஞாயிறு வந்தால் டிரோனைத் தூக்கிக்கொண்டு மலை ரயில்களின் பின்னால் திரிகிறவனுக்கு அதற்கு மேலும் யாராவது சொல்ல வேண்டுமா? இன்றைக்கு அந்த இடத்தில் போய் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று அவனும் நிஜமாகத்தான் நினைத்திருந்தான்.

அவன் கார் நோக்கி நடந்தபோது ஒரு பெண்மணி வந்து அந்த சீட் காலியா என்று கேட்டாள். யாமினி கொஞ்சமும் யோசிக்கவில்லை. “சாரி, மை ஹஸ்பெண்ட் இஸ் சிட்டிங் ஹியர்,” என்றாள். வெறும் ஜாக்கெட்டைப் பார்த்து அந்தப் பெண்மணி விழித்ததும், யாமினி அதையே இன்னும் சத்தமாக, பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னதும் அவனுக்குச் சிரிப்பாக இருந்தது.

இப்போது சிரிப்பு வரவில்லை. மலைச்சாலை ஓரத்தில் காரை நிறுத்திவிட்டு அவன் நின்றிருந்த இடத்தில் மத்தியானமே சாயங்காலம் போல மங்கியிருந்தது. கடல் பக்கமிருந்து ஏறிய மூடுபனி மரங்களின் இடுப்பளவுக்கு வந்து தேங்கியிருந்தது. இலைகளிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழும் ஓசை நாலா பக்கமும் கேட்டது. ஈரத்தில் ஊறிய காட்டுப் பிரிஞ்சி இலையின் வாசனை, யாரோ பக்கத்தில் பிரியாணி அண்டாவைத் திறந்து வைத்ததுபோல மூக்கைக் குத்தியது. தூரத்தில் என்ஜின் கூவியது. அந்தக் கூவல் பள்ளத்தாக்கில் முட்டித் திரும்பி வந்தபோது முன்பைவிட நெருக்கமாகக் கேட்டது.

எவனோ திமிர் பிடித்தவன், குளிருக்கு அடுத்தவன் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று திட்டியபடி அவன் டிரோனைக் கொஞ்சம் தாழ்த்தினான். யாமினி எப்படிச் சும்மா இருக்கிறாள்? கால் ஊன்ற இடம் கேட்டால்கூட சண்டைக்குப் போகிறவள் ஆயிற்றே. அவள் சண்டை போடவில்லை. அந்த ஆளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ரயில் மரப்பாலத்தின் மேல் ஏறியது. டிரோனைப் பார்த்ததும் ஜனங்கள் வழக்கம்போலக் கையசைத்தார்கள். குழந்தைகள் எழுந்து நின்று ஆட்டினார்கள். அந்த ஆள் மட்டும் கையசைக்கவில்லை. வளைவில் பெட்டி குலுங்கியபோது மற்ற எல்லாத் தலைகளும் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தன. அவன் சாயவில்லை. என்ஜின் புகை கடைசிப் பெட்டியை மூடியபோது எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமினார்கள். அவன் தலை திரும்பவே இல்லை.

புகை விலகியது. வெண்பா அவன் தோளில் சாய்ந்திருந்தாள்.

பிறந்தநாள் விழாவில் தூக்க வரும் அங்கிள்களிடம்கூடப் போகாத பிள்ளை அவள். நெடுஞ்செழியன் டிரோனை நேர் மேலே கொண்டுபோய், கேமராவைக் கீழே பார்க்க வைத்து, ஜூம் செய்தான். திரை முழுக்க அந்த ஆளின் உச்சந்தலை. சுழிக்குப் பக்கத்தில் முடி கொட்டிய ஒரு சின்ன வட்டம், அதன் ஓரத்தில் ஒரு மச்சம். இதை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. எங்கே?

சலூனில். முடிவெட்டி முடித்து, பின்னால் கண்ணாடி காட்டும்போது.

அந்த ஆள் மெதுவாக அண்ணாந்து பார்த்தான். தெரிந்த முகம்தான், ஆனால் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவனுக்குத் தன் முகத்தை வெளியிலிருந்து பார்த்துப் பழக்கமில்லை. மூக்கு இவ்வளவு வளைந்திருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. இடது கண் சின்னது என்று தெரியாது. அந்த முகம் அவனுக்கு மட்டும் தெரிகிற மாதிரி லேசாகச் சிரித்தது.

போனை எடுத்தான். சிக்னல் இல்லை. ஓடினான்.

மேல் நிறுத்தத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதை மரங்களுக்குள் இறங்கியது. கன்ட்ரோலர் கழுத்துப் பட்டையில் தொங்கி நெஞ்சில் மோதியது. டிரோன் எங்கே என்று அவன் பார்க்கவில்லை. வேர் தடுக்கி விழுந்தான், எழுந்தான். பனிக்குள் என்ஜினின் மூச்சு கேட்டது. முன்னால். பக்கத்தில். பின்னால். பாவி, ஒரே ஒரு தடவை கூட உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ரயில் நின்றிருந்தது. அவன் கடைசிப் பெட்டியின் படிக்கம்பியைப் பிடித்தான்.

“யாமினி. அந்தாளை எந்திரிக்கச் சொல்லு. பாப்பாவைக் கூட்டிட்டு இறங்கு.”

யாமினி அவனைப் பார்த்தாள். அடுத்த வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்த்துச் சிரிப்பதுபோல ஒரு சிரிப்பு. பிறகு அது மறைந்தது. வெண்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“எக்ஸ்யூஸ் மீ, டூ ஐ நோ யூ?”

“யாமினி, நான்தான்.”

அவள் பக்கத்திலிருந்தவன் பக்கம் குனிந்தாள். “ஏங்க, யாருன்னு தெரியல. தமிழ் ஆள் மாதிரி இருக்கார். எம்பேரு எப்படித் தெரியும் இவருக்கு?”

கார்டு வந்துவிட்டார். வெள்ளைத் தாடிக் கிழவர். கை அவன் தோளில் பட்டது. டிக்கெட் எங்கே என்றார். டிக்கெட் யாமினி பையில். இது என் மனைவி, என் குழந்தை என்றான். கிழவர் யாமினியைப் பார்த்தார். யாமினி இல்லை என்று தலையாட்டினாள். அவள் கண்ணில் பயம் இருந்தது. அவனைப் பார்த்துப் பயம்.

போட்டோ காட்டுகிறேன் என்று போனைத் திறந்தான். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினான். ரயில். ரயில். பாலம். யாமினியும் வெண்பாவும். ரயில். வெண்பா கேக் வெட்டுகிறாள், யாமினி கை தட்டுகிறாள். ரயில். யாமினியும் வெண்பாவும் கடற்கரையில். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. ஒன்றிலும் அவன் இல்லை.

“தட்ஸ் மீ,” என்றாள் யாமினி, எட்டிப் பார்த்துவிட்டு. “ஏங்க, இந்தாள் எங்கள போட்டோ எடுத்து வெச்சிருக்கான். எவ்வளவு போட்டோ பாருங்க.”

கிழவரின் பிடி இறுகியது. யாரோ போலீஸ் என்றார்கள். விசில் ஊதியது. பெட்டி ஒரு உதறு உதறிவிட்டு நகர்ந்தது.

அப்போதுதான் அந்த ஆள் படியை நோக்கிக் குனிந்தான். வீடியோவில் கேட்கும்போது அவனுக்கே பிடிக்காத அவனுடைய குரல்.

“நீங்க எடுங்க சார். நாங்க போயிட்டு வர்றோம்.”

கம்பி கையை விட்டு நழுவியது. கிழவர் அவனைப் பின்னால் இழுத்தார். சக்கரங்கள் வேகம் பிடித்தன. யாமினி திரும்பிப் பார்க்கவில்லை.

வெண்பா பார்த்தாள். நிற்கிற அவனைப் பார்த்தாள். உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. பெஞ்சின் மேல் முழங்கால் போட்டு ஏறினாள். அவனை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“அப்பா.”

அவனைப் பார்த்துத்தான். அவனைத்தான்.

சாம்பல் நிற ஜாக்கெட்டின் கைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. அவசரமில்லாமல், ஆசையாகத் தடவுவதுபோல, அது அவள் முகத்தின் மேல் படிந்தது. அதன் விரல்கள் அவள் கண்களை மூடின, வாயை மூடின, கன்னத்தைத் தாண்டி, காதைத் தாண்டி, பின்னந்தலை வரை நீண்டு ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. அந்தக் கை அவளை மெதுவாக முன்பக்கம் திருப்பி உட்கார வைத்தது. ரயில் பனிக்குள் போனது.